நாற்பத்தாறாம் பல்

பல்லுக்குக் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, போட்டிருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆச்சு?" அடுத்தது, "மெட்டலா, செராமிக்கா, சிர்கோனியாவா?" வேலூர்க்காரர்கள் வைத்திய விஷயத்தில் விவரமானவர்கள். சி.எம்.சி. என்ற பெரிய மருத்துவமனை இருக்கிற ஊர் இது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிற நோயாளிகளுக்காக இங்கே லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். காந்தி ரோட்டில் டீக்கு நின்றால், பக்கத்தில் நிற்பவர் கிரியாட்டினின் அளவு பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட ஊரில் என் கேப்பை விசாரித்தவர்களில் ஒருவர்கூட, "உள்ள பல்லு எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சீட்டில் டாக்டர் "46" என்று எழுதியிருந்தார். வாயில் மொத்தமே 32 பல், இது எங்கிருந்து வந்த நாற்பத்தாறு என்று என் மைத்துனர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் டாக்டர்கள் வாயை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நமக்கு வலது மேல் பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அந்தந்தப் பாகத்தில் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நான்காவது பாகத்தில் ஆறாவது பல் என்பதால் 46. அதாவது வலது கீழ்ப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல்.

பாவப்பட்ட பல் அது. ஆறு வயதை ஒட்டி முளைக்கும். எந்தப் பால்பல்லும் விழாமலே, இருக்கிறவற்றுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் இதையும் பால்பல் என்றே நினைப்பார்கள். சொத்தை விழுந்தால், "விழுந்து முளைக்கும், விடு" என்பார்கள். அது விழாது, விழுந்தால் முளைக்கவும் முளைக்காது. கடைசி வரைக்கும் அந்த ஒன்றுதான். எனக்குப் பள்ளிக்கூட நாட்களிலேயே அதில் சொத்தை வந்து சில்வர் ஃபில்லிங் வைத்தார்கள். வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியைப் பாதரசத்தில் குழைத்துக் குழியில் அடைப்பார்கள். பாதரசம் சேர்ந்தது என்பதால் இப்போது உலகம் முழுக்க அதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் உழைப்பில் அதைக் குறை சொல்ல முடியாது. என் வாயில் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

அப்புறம் மல்லாட்டை வந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். தள்ளுவண்டியில் மணல் போட்டு வறுத்த மல்லாட்டை. அதில் ஒரு மணல் துகள் பல்லுக்கு அடியில் சிக்கி 'படக்' என்றது. அப்போது வலி ஒன்றும் இல்லை. இரண்டொரு நாளில் விசித்திரமான ஒரு வலி தொடங்கியது. கடிக்கும்போது வலிக்காது, கடித்து முடித்து வாயைத் திறக்கும்போது சுரீர் என்று ஏறும். பானைத் தண்ணீர் பட்டாலும் கூசும். மற்றபடி நாள் முழுக்க ஒன்றுமே இருக்காது.

முதலில் போன கிளினிக்கின் பெயர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். "பழைய ஃபில்லிங் ரொம்பப் பெருசு சார், பல்லு தாங்காது. எடுத்துட்டு இம்ப்ளான்ட் வச்சிடலாம், மாசத் தவணை வசதி இருக்கு" என்றார்கள். (இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் திருகு நட்டு அதன் மேல் வைக்கும் செயற்கைப் பல்.) வலி எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் சத்துவாச்சாரியில், ஒரு மாடியில் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கும் பெண்மணி. உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "கடிக்கும்போது வலிக்குதா, விடும்போது வலிக்குதா சார்?" அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி வலி போய்விட்டது. விடும்போது வலித்தால் பல்லில் விரிசல் இருக்கலாம் என்று விளக்கினார். கடிக்கையில் விரிசலின் இரண்டு பக்கமும் லேசாக அகலும். விட்டவுடன் சட்டென்று மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் பல்லுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் உள்ள நீர் அசைந்து நரம்பைத் தொடும். எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜமாம். விரிசல் மயிரிழைதான் இருக்கும். கதிர் வரும் திசைக்குக் குறுக்காக இருந்துவிட்டால் படத்தில் விழாது.

கடைவாய்ப்பல்லின் மேல் நாலைந்து மேடு இருக்கிறதே, ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியை ஒவ்வொரு மேட்டின் மீதும் வைத்து, "கடிங்க... விடுங்க" என்று சோதித்தார். நாக்குப் பக்கம், பின் மேட்டில் வைத்து விட்டபோது நாற்காலியிலிருந்து துள்ளினேன். பல்லின் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிக் கண்ணாடியில் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க வெளிச்சம், ஒரு கோட்டுக்கு அப்பால் இருட்டு. வெளிச்சம் விரிசலைத் தாண்டவில்லை. பிறகு குளிரூட்டிய பஞ்சை வைத்துப் பார்த்தார். கூசியது, எடுத்ததும் ஓரிரு நொடியில் அடங்கியது. அது நல்ல சேதி. எடுத்த பிறகும் வலி நின்று இழுத்தால் நரம்பு கெட்டுப்போனது என்று அர்த்தம், அப்போது ரூட் கெனால்தான், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது. கடைசியாக ஈறைச் சுற்றி ஒரு அளவுக் கம்பியை இறக்கிப் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி ஆழமாக இறங்கினால் விரிசல் வேர் வரை போய்விட்டது, பல்லைக் காப்பாற்றுவது கஷ்டம். எனக்கு எங்கும் இறங்கவில்லை.

"மல்லாட்டை மேல பழி போடாதீங்க" என்றார் டாக்டர். பெரிய ஃபில்லிங் வைத்த பல்லில் சுற்றுச்சுவர் மட்டும்தான் சொந்தப் பல். நடுவில் உலோகம் நிற்கிறது. ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் அந்தச் சுவர் வெளிப்பக்கமாக வளைந்து வளைந்து களைத்துப்போயிருக்கிறது. மணல் துகள் கடைசியில் வந்த ஆள்.

உடனே கேப் என்று அவர் குதிக்கவில்லை. பழைய ஃபில்லிங்கை எடுத்து, வேறு ஒன்று அடைத்து, பல்லைச் சுற்றி மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றைப் போட்டுவிட்டார். பல் வரிசை சரி செய்யக் கம்பி கட்டுகிற பிள்ளைகளுக்குக் கடைவாயில் மாட்டுகிற அதே பட்டைதான். எனக்கு என் தாத்தா ஊரில் பார்த்தது ஞாபகம் வந்தது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்துண்டுகளை எல்லாம் ஒன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கேப் செய்யும் வேலையும் இதுவேதான்: சுற்றிப் பிடிப்பது. பட்டை போட்ட பிறகு வலி குறைந்தால் கேப் போதும், குறையாவிட்டால் முதலில் ரூட் கெனால், அப்புறம் கேப் என்று சொல்லி அனுப்பினார். சில வாரங்களில் சுரீர் நின்றுவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேப் என்றாலே ரூட் கெனால் கட்டாயம் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு. அப்படி இல்லை. நரம்பு உயிரோடு இருக்கிற பல்லுக்கும் கேப் போடலாம். அதே மாதிரி, ரூட் கெனால் செய்த எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டும் என்பதும் இல்லை. முன்பல்லில் சின்ன துளை மட்டும் போட்டுச் செய்திருந்தால் அடைத்தாலே போதும் என்று பல சமயம் விட்டுவிடுவார்கள். கடைவாய்ப்பல் அரைக்கிற பல், சுமை அதிகம், அதனால் அங்கே கேப் வேண்டியிருக்கும். கேப் போட்ட பிறகும் என் பல்லின் நரம்பு பின்னாளில் மக்கர் செய்யலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படி ஆனால் கேப்பிலேயே துளை போட்டு ரூட் கெனால் செய்துகொள்ளலாமாம்.

என் அம்மாவுக்கு நடந்தது வேறு கதை. அதுவும் பெயர் சொல்லாத ஒரு இடம்தான். அம்மாவுக்கு ரூட் கெனால் செய்து அழகான செராமிக் கேப் போட்டார்கள். பல்லில் ஏற்கெனவே பாதிக்கு மேல் சொத்தை. ஈறுக்கு மேலே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வேருக்குள் ஒரு கம்பியை நட்டு, அதன் மேல் ஃபில்லிங்கில் மேடு கட்டி, அந்த மேட்டின் மேல் கேப்பை ஒட்டியிருக்கிறார்கள். என் டாக்டர் சொன்ன கணக்குப்படி, ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது சொந்தப் பல் நிற்க வேண்டும். கேப்பின் ஓரம் பிடித்துக்கொள்வது அதைத்தான். அது இல்லாமல் எத்தனை ஆயிரத்துக்குக் கேப் போட்டாலும் கடிக்கிற விசை முழுவதும் கம்பி வழியாக வேருக்குப் போகும். அம்மாவுக்கு அதுதான் நடந்தது. ஒரு நாள் சப்பாத்தி சாப்பிடும்போது கேப், கம்பி, உடைந்த பல் மூன்றும் சேர்ந்து கையோடு வந்துவிட்டன. அம்மா அதைக் கழுவித் துடைத்து எனக்குக் காட்டி, "பீங்கான் நல்லாத்தான் கீது, பல்லுதான் பூடுச்சி" என்றார்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ஆறு உண்டு தண்ணி இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை. (ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், ஆனாலும் கிண்டல் நிற்கவில்லை.) மாமா அந்தப் பட்டியலில், "உங்கம்மா வாயில கேப் உண்டு, பல்லு இல்ல" என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

சரி, என் பல்லுக்கு வருகிறேன்.

கேப் போட வேண்டுமானால் பல்லைச் சீவ வேண்டும். இதைக் கிளினிக்குகளில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான். கேப்புக்கு ஒரு கனம் உண்டு. அந்தக் கனத்துக்கு இடம் விட, நன்றாக இருக்கும் எனாமலையும் சுற்றிலும் மேலேயும் எடுத்தாக வேண்டும். எடுத்தது எடுத்ததுதான், எனாமல் திரும்ப வளராது. எந்தப் பொருளில் கேப் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே உலோகம், மேலே பீங்கான் என்று இரண்டு அடுக்காக வரும் கேப்புக்கு மெல்லும் பரப்பில் ஒன்றரையிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை சீவ வேண்டும். முழுக்கச் சிர்கோனியா (பல் நிறத்தில் வரும் உறுதியான ஒருவகைப் பீங்கான்) என்றால் 1 மில்லிமீட்டர் சுமாருக்குச் சமாளிக்கலாம். முழு உலோகமும் அந்த இரண்டடுக்குக் கேப்பை விடக் குறைவாகவே கேட்கும். கண்ணுக்குத் தெரியாத பின்பல்லுக்கு முழு உலோகக் கேப் இன்றைக்கும் நல்ல சரக்குதான். கடையில் அதை மட்டமாக விற்பதால் நாமும் மட்டமாக நினைக்கிறோம்.

பீங்கானை மட்டும் வைத்து முழுக் கேப் செய்யும் வித்தையை 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட் என்பவர் கொண்டுவந்தார். (அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க்கின் தாத்தா அவர், அம்மா வழியில்.) அழகாக இருந்தது, ஆனால் சட்டென்று உடைந்தது. அதனால்தான் பின்னாளில் பீங்கானுக்கு அடியில் உலோகம் வந்தது. அந்த உலோகம்தான் வருஷங்கள் போனால் ஈறோரத்தில் கறுப்புக் கோடாகத் தெரிகிறது.

நிறம் பார்ப்பதைச் சீவுவதற்கு முன்பே, ஜன்னல் ஓரமாக அழைத்துப்போய்ச் செய்தார் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அப்போது பார்த்தால் நிறம் தப்பிவிடும் என்றார். மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த ஒரு பட்டியலைப் பல்லருகே வைத்து வைத்துப் பார்த்து, ஏ3 என்று முடிவு செய்தார். டீ குடிக்கிறவனின் மஞ்சள். என் மனைவி, "கொஞ்சம் வெள்ளையா போடக்கூடாதா மேடம்?" என்று கேட்டாள். "போடலாம்மா, அந்த ஒரு பல்லு மட்டும் தனியாத் தெரியும்" என்றார்.

கீழ்த்தாடைக்கு மரத்துப்போகும் ஊசி போட்டால் பாதி உதடும் பாதி நாக்கும் நம்முடையவை அல்ல. அந்த நேரத்தில் டீ குடித்தால் சட்டையெல்லாம் டீ. சீவும்போது வலி இல்லை, தண்ணீர்ப் பீச்சலும் சத்தமும்தான். முடிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் முளை நின்றது. அதைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அடுத்தது அளவெடுப்பது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய நூலைச் செருகி ஈறை விலக்கினார். பல்லைச் சீவி நிறுத்திய கோடு அப்போதுதான் வெளியே தெரியும். கேப்பின் ஓரம் போய் உட்கார வேண்டிய இடம் அந்தக் கோடுதான். பிறகு சிலிகான் பசையைத் தட்டில் வைத்துக் கடிக்கச் சொல்லிச் சில நிமிடங்கள் அசையாமல் வைத்தார். எடுத்து, விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். "மறுபடி எடுக்கணும் சார்."

"நல்லாத்தானே வந்திருக்கு மேடம்?"

"கோட்டு மேல ஒரு குமிழி நிக்குது. லேப்ல அதையும் பல்லுன்னு நெனச்சுப் பண்ணிடுவாங்க. அங்க கேப் ஒட்டாது, சந்து விழும். சந்துல சொத்தை வரும்."

கடுகை விடச் சின்னதாக இருந்தது அந்தக் குமிழி. நான் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அந்தக் குமிழியைப் பார்த்த கண்ணுக்குத்தான் என்று நினைக்கிறேன். கேப்புக்குச் சொத்தை வராது, சரி. ஆனால் கேப்பின் ஓரம் முடிகிற இடத்தில் பல் தொடங்குகிறது, அதற்குச் சொத்தை வரும். கேப் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை என்று இருப்பவர்களுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். நரம்பு எடுத்த பல்லாக இருந்தால் வலிகூடத் தெரியாது.

அளவு சென்னையில் ஒரு லேபுக்குக் கூரியரில் போனது. அதை அச்சு வார்த்து, கணினியில் பதிந்து, சிர்கோனியா வில்லையில் இயந்திரம் கடைந்து எடுக்கும். கடையும்போது அது மெத்தென்றுதான் இருக்குமாம். கேப்பை வேண்டிய அளவை விடக் கால் பங்கு வரை பெரிதாகக் கடைந்து, 1500 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் பல மணி நேரம் உலையில் வைப்பார்கள். சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து இறுகிவிடும். சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கான் கனிமம் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. மணலால் உடைந்த பல்லுக்கு மணலிலிருந்தே மருந்து என்று மாமாவிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

அதுவரை தற்காலிகமாக ஒரு அக்ரிலிக் கேப். ஒட்டுகிற பண்டம் கூடாது, அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. ஆற்காட்டு மக்கன் பேடா சாப்பிடலாமா என்று கேட்டேன். மெத்தென்று இருப்பதால் இன்னொரு பக்கம் வைத்துச் சாப்பிடலாம், ஜவ்வு மிட்டாய் மட்டும் வேண்டாம் என்று அனுமதி கிடைத்தது.

கேப் வந்த அன்று ஒட்டுவதற்கு முன் நிறையச் சோதனை. இரண்டு பக்கத்துப் பல்லோடும் நூல் விட்டு இழுத்துப் பார்த்தார். தடையே இல்லாமல் நூல் போனால் உணவு சிக்கும். போகவே போகாவிட்டால் கேப் முழுதாக இறங்கி உட்காரவில்லை. பிறகு நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார். எங்கே உயரம் அதிகமோ அங்கே நீலம் அழுத்தமாக விழும். எனக்கு ஒரு இடம் துருத்திக்கொண்டிருந்தது. வாய்க்கு அது பெரிய கல்லாகத் தெரிந்தது, தேய்த்தபோது பார்த்தால் தூசி அளவுதான். தேய்த்த இடத்தைத் திரும்பவும் பளபளப்பாக்கினார். சொரசொரப்பாக விட்டால் சிர்கோனியா மேல்பல்லை அரைத்துவிடுமாம். உயரத்தைப் பற்றி மரியாதைக்காக, "பரவாயில்ல மேடம்" என்று சொல்லிவிட்டு வரக்கூடாது. தினமும் சாப்பிடப்போவது நாம்தான். கடைசியில் சிமென்ட் வைத்து ஒட்டி, ஓரத்தில் பிதுங்கியதைச் சுரண்டி எடுத்து, ஒரு எக்ஸ்ரே எடுத்து ஓரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார். சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசியது, அப்புறம் நின்றுவிட்டது.

விலை கேட்டவர்களுக்காக: அந்தக் கிளினிக்கில் முழு உலோகம் 3,000 ரூபாய், உலோகத்தின் மேல் பீங்கான் 5,000, சிர்கோனியா 9,000-இல் தொடங்குகிறது. கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். சிர்கோனியாவுக்கு வாரன்டி அட்டை ஒன்றும் கொடுத்தார்கள், 10 வருஷம். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். கேப் உடைந்தால் புதுக் கேப் தருவார்கள். கேப்புக்கு அடியில் பல் சொத்தையானால், உடைந்தால், அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. நியாயம்தான். அந்தப் பக்கத்து வாரன்டி பிரஷ்ஷும் நூலும்தான். ஈறோரம் பிரஷ் போக வேண்டும், பல்லிடுக்கில் இரவில் ஒரு தடவை நூல் விட வேண்டும்.

இடது பக்கம், 36-ஆம் பல்லிலும் அதே காலத்துச் சில்வர் ஃபில்லிங் இருக்கிறது. ஒன்றோடு ஒன்றாக அதற்கும் கேப் போட்டுவிட்டால் ஏதாவது குறைத்துக்கொள்வார்களே என்று மைத்துனர் யோசனை சொன்னார். டாக்டரிடம் கேட்டேன். குச்சி வைத்துக் கடிக்கச் சொன்னார், ஒளி பாய்ச்சினார். எங்கும் இருட்டுக் கோடு விழவில்லை. "இது நல்லா இருக்கு சார். நல்ல பல்ல எதுக்குச் சீவணும்? வருஷா வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.